கிளவுடில் ஏற்றினால் மட்டும் போதாது

தென்கொரிய அரசின் தேசியத் தகவல் வள மையம் தேஜான் நகரில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 26 இரவு, அதன் ஐந்தாம் தளத்தில் லித்தியம் பேட்டரிகளை வேறிடத்துக்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு பேட்டரி தீப்பிடித்தது. தீயை முழுதாக அணைக்க ஏறத்தாழ 22 மணி நேரம் பிடித்தது. 96 அரசுக் கணினி அமைப்புகள் நேரடியாகத் தீக்கு இரையாயின. வெப்பத்துக்கு அஞ்சி நிறுத்தப்பட்டவற்றையும் சேர்த்தால் 709 அமைப்புகள் முடங்கின. அஞ்சலக வங்கிச் சேவை நின்றது. கைபேசியில் காட்டும் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. இணையவழிச் சான்றிதழ் சேவைகள் தடைபட்டன. அரசு ஊழியர்கள் தங்கள் பணி ஆவணங்களைச் சேமித்துவந்த ‘ஜி-டிரைவ்’ 858 டெராபைட் தரவோடு சாம்பலானது. அதற்கு வெளியிடத்தில் ஒரு பிரதிகூட இல்லை. ஓஇசிடி அமைப்பின் 2023ஆம் ஆண்டு மின்னரசுத் தரவரிசையில் முதலிடம் பிடித்த நாட்டில் இது நடந்தது.

தீ எந்த ஊரிலும் பிடிக்கலாம். கவலை தருவது அதற்குப் பிந்தைய கணக்கு. 2022 அக்டோபரில் இதே நாட்டில், பாங்யோ பகுதியிலுள்ள தரவு மையம் ஒன்றில் பற்றிய தீயால் ககாவ்டாக் என்ற அரட்டைச் செயலி ஐந்து நாட்களுக்கு மேல் தடுமாறியது. அப்போது அரசின் மையத்தைப் பற்றியும் கேள்வி எழுந்தது. தேஜான் மையமே மொத்தமாக அழிந்தாலும் 3 மணி நேரத்துக்குள் மீட்டுவிட முடியும் என்று அதன் நிர்வாகத் தரப்பு உறுதியளித்தது. மூன்றாண்டுகளில் அந்த மையம் உண்மையாகவே தீப்பிடித்தது. எரிந்த 96 அமைப்புகளையும் தேகு நகரிலுள்ள கிளவுடில் மீண்டும் நிறுவ 4 வாரங்கள் ஆகும் என்று அரசு அறிவித்தது. அந்தக் கெடுவும் போதவில்லை. 3 மணி நேரம் எங்கே, 4 வாரம் எங்கே? ஒரு சேவையைக் கிளவுடில் ஏற்றியாயிற்று என்பதோ, மீட்புத் திட்டம் கோப்பில் இருக்கிறது என்பதோ அது பாதுகாப்பாக இருப்பதற்குச் சான்று ஆகாது என்பதையே இந்த இடைவெளி காட்டுகிறது. அந்தச் சேவை ஓரிடத்திலிருந்து பெயர்ந்து இன்னோரிடத்தில் எழும்படி கட்டப்பட்டிருக்கிறதா, அப்படி எழுப்பிப் பார்த்த நாள் எது, எத்தனை மணி நேரம் ஆனது? இவற்றுக்கு விடை இருந்தால்தான் அது சான்று. அப்படிக் கட்டுவதற்கான தொழில்நுட்பம் பத்தாண்டுகளுக்கு மேலாக இலவசமாகவே கிடைக்கிறது. கன்டெய்னர் என்பது அதன் பெயர். நம் அரசுகள் மக்களின் அன்றாடத்தைத் தாங்கும் ஒவ்வொரு சேவைக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஒரு செயலி ஏன் இடம் மாற மறுக்கிறது? ஏதோ ஓர் ஆண்டில் ஒரு சர்வரில் அதை நிறுவியிருப்பார்கள். அது இயங்குவதற்கு ஜாவாவின் குறிப்பிட்ட ஒரு பதிப்பு, சில துணை நிரல்கள், ஓர் எழுத்துருக் கோப்பு, ஒரு கடவுச்சொல், அன்றைக்கு வேலையில் இருந்த பொறியாளர் கையால் மாற்றிய நான்கைந்து அமைப்புகள் என்று பலவும் தேவைப்படும். ஆண்டுகள் போகப் போக அந்தச் சர்வரே ஆவணமாகிவிடுகிறது. அதில் என்ன இருக்கிறது என்பது வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது. சர்வர் போனால் அந்த அறிவும் போகும். கன்டெய்னர் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. செயலியையும் அது இயங்கத் தேவையான அத்தனை துணைகளையும் ஒரே பொதியாகக் கட்டி வைத்துவிடுகிறது. அந்தப் பொதியை ‘இமேஜ்’ என்பார்கள். அண்டா, கரண்டி, மசாலா, அடுப்பு எல்லாவற்றையும் தானே ஏற்றிக்கொண்டு வரும் கல்யாணச் சமையல் குழுவுக்கு மண்டபத்தில் இடமும் தண்ணீரும் மட்டும் இருந்தால் போதும், இதுவும் அப்படித்தான். லினக்ஸ் இருக்கும் ஏறத்தாழ எந்தச் சர்வரிலும் அந்தப் பொதியைப் பிரித்துச் சில நொடிகளில் இயக்கலாம். பழைய முறையிலான மெய்நிகர் கணினிகள் ஒவ்வொன்றும் முழு இயங்குதளத்தையே சுமந்து திரியும். கன்டெய்னர்களோ சர்வரின் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் உட்கருவை, பகிர்ந்துகொள்வதால் எடை குறைவு.

இது ஒரே நாளில் வந்த கண்டுபிடிப்பு இல்லை. ஒரு நிரல் எவ்வளவு நினைவகத்தையும் செயலித்திறனையும் எடுத்துக்கொள்ளலாம் என்று வரம்பு கட்டும் வசதியை 2006இல் கூகுள் பொறியாளர்கள் உருவாக்கத் தொடங்கினார்கள். 2008இல் அது லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. அதை எல்லோரும் எளிதில் கையாளும் கருவியாக்கியது டாக்கர். 2013 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த பைத்தான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் அதை முதன்முதலாகப் பொதுவெளியில் காட்டினார். 2015இல் இந்தப் பொதியின் வடிவம் எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தாகவும் இல்லாமல் பொதுத் தரமாக்கப்படுவதற்கு லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. என் வாதத்துக்கு இதுதான் முக்கியமான செய்தி. அமேசானில் ஓடும் பொதி மைக்ரோசாஃப்டிலும் கூகுளிலும் நம் தேசியத் தகவலியல் மையத்தின் கிளவுடிலும் ஓடும். விற்பவர் மாறினாலும் பொருள் மாறாத நிலை கணினித் துறையில் அபூர்வம்.

நூற்றுக்கணக்கான பொதிகளைக் கையால் மேய்க்க முடியாது என்பதால் அவற்றை நிர்வகிக்கும் மென்பொருள் தேவைப்படுகிறது. தன் நிறுவனத்துக்குள் ‘போர்க்’ என்ற பெயரில் கூகுள் வைத்திருந்த அமைப்பின் அனுபவத்திலிருந்து 2014இல் குபர்நெட்டீஸ் பிறந்தது. அந்த ஆண்டில் கூகுள் வாரந்தோறும் 200 கோடிக்கு மேற்பட்ட கன்டெய்னர்களைத் தொடங்குவதாகச் சொன்னது. மறு ஆண்டே குபர்நெட்டீஸும் பொது அமைப்பு ஒன்றின் கைக்கு மாற்றப்பட்டது. அது வேலை செய்யும் விதம் கவனிக்கத்தக்கது. ‘இந்தச் சேவைக்கு எப்போதும் ஐந்து கன்டெய்னர்கள் ஓட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நினைவகம், புதிய பதிப்பை ஒவ்வொன்றாக மாற்று’ என்று ஒரு கோப்பில் எழுதித் தருகிறோம். எழுதியதையும் நடப்பதையும் அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு சர்வர் செத்துவிட்டால், இயல்பு அமைப்பில் ஐந்து நிமிடம் போலக் காத்திருந்து, அதில் ஓடியவற்றை வேறு சர்வர்களில் தானாகத் தொடங்கும். இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தத் தானியங்கித்தனம்கூட இல்லை, அந்தக் கோப்புதான். பொறியாளரின் நினைவில் இருந்த அறிவு வாசிக்கக்கூடிய, திருத்தங்களின் வரலாற்றோடு பாதுகாக்கக்கூடிய எழுத்தாகிவிடுகிறது. ஒப்பந்தக்காரர் விலகினாலும் அரசிடம் அது மிஞ்சும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். விற்பனையாளர்கள் இதைச் சொல்வதில்லை. கன்டெய்னர் செயலியைத்தான் பெயர்க்கும், தரவைப் பெயர்க்காது. எரிந்துபோன 858 டெராபைட்டையே எடுத்துக்கொள்வோம். அதை வினாடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள இணைப்பு ஒன்றில் முழு வேகத்தில் அனுப்பினால்கூட ஏறத்தாழ 8 நாட்கள் ஆகும். ஆபத்து வந்தபின் தரவை நகர்த்த முடியாது. அது முன்பே அங்கே இருக்க வேண்டும். செயலியைச் சில நிமிடங்களில் எழுப்பிவிட்டு, அது தேடும் தரவுத்தளம் இல்லாமல் நிற்பதால் யாருக்கும் பயன் இல்லை. இலங்கை அரசு இதை வேறு வழியில் அனுபவித்தது. 2023இல் லங்கா அரசாங்க கிளவுடின் மின்னஞ்சல் அமைப்பு பிணைத்தொகை கேட்கும் வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானபோது, ஏறத்தாழ 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான தரவு மீட்க முடியாமல் போனது. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றில் அடக்கம். கிளவுடிலேயே இருந்த பேக்கப்பும் தாக்குதலில் சிக்கியது. வெளியே தனிப் பிரதி இல்லை. காலாவதியான 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருளை நிதியில்லாமல் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். பெயரில் கிளவுட் இருந்தது. அந்தப் பெயர் எதையும் காப்பாற்றவில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் தனிக் கிளவுடை, ஓர் அமைப்புப் பிழையால் கூகுள் கிளவுடே முழுதாக அழித்துவிட்டது. இரண்டு இடங்களில் பிரதி வைத்திருந்தும், இரண்டும் ஒரே கணக்கின் கீழ் இருந்ததால் இரண்டும் போயின. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் ஒரு வாரம்போலத் தவித்தார்கள். ஆனால் பணிக்காலச் சேமிப்பு எதுவும் தொலையவில்லை. வேறொரு நிறுவனத்திடம் தனியாக ஒரு பேக்கப் வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது. ஒரே கூரையின் கீழ் இருக்கும் இரண்டு பிரதிகளை நான் இரண்டாக எண்ண மாட்டேன். ஒரே கணக்கில் இருப்பவற்றையும் அப்படியே.

தீயும் பிழையும் மட்டுமே சேவையை நிறுத்துகின்றன என்று நினைத்தால் அதுவும் போதாது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் நயாரா எனர்ஜி மீது தடை விதித்தது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் பங்கு வைத்திருக்கும், குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பாலை நடத்தும் நிறுவனம் அது. தடை வந்த சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அதற்கான சேவைகளைத் துண்டித்தது. பணம் கட்டி வாங்கிய மென்பொருளில் தன் சொந்தத் தரவையே பார்க்க முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. அதன் பிறகு சேவை திரும்பியது. இந்திய மண்ணில், இந்தியச் சட்டப்படி இயங்கும் ஒரு நிறுவனத்தின் அன்றாடத்தை வேறொரு கண்டத்தின் முடிவு நிறுத்த முடிந்தது. நயாராவின் அரசியலைப் பற்றி ஒருவர் என்ன கருத்தும் கொள்ளலாம். நாளை இதே நிலை ஒரு மருத்துவமனைக்கோ மாநில அரசுத் துறைக்கோ வந்தால், வேறிடத்துக்கு மாறும் வழி கையில் இருக்க வேண்டுமா இல்லையா? கன்டெய்னர் பொதிகளை எங்கே வைத்திருக்கிறோம் என்பதும் இந்தக் கேள்வியில் அடங்கும். 2024 மே இறுதியில் டாக்கர் ஹப் என்ற பொதிக் கிடங்கு ரஷ்யாவுக்குச் சில நாட்கள் மூடப்பட்டது. பொதிகளின் பிரதி அரசின் சொந்தக் கிடங்கில் இல்லையென்றால், இடம்பெயரும் திறன் ஏட்டளவில் மட்டுமே இருக்கும்.

என் வாதத்துக்கு எழும் மறுப்புகளில் முதலாவது, பெரிய கிளவுட் நிறுவனங்களே நம் அரசு மையங்களைவிடப் பல மடங்கு நம்பகமானவை, பிறகு எதற்கு இந்த ஏற்பாடு என்பது. முதல் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். மின்சாரம், குளிரூட்டல், பாதுகாப்பு ஆகியவற்றில் அவர்களோடு போட்டியிடக்கூடிய அரசு மையங்கள் குறைவு. ஆனால் 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா வட்டாரத்தில், ஒரு தரவுத்தளச் சேவையின் முகவரிப் பதிவு தானியங்கிப் பிழையால் வெறுமையானது. ஸ்நாப்சாட், சிக்னல் தொடங்கி உலகெங்கும் எண்ணற்ற சேவைகள் அதனோடு சேர்ந்து தடுமாறின. அந்த வட்டாரத்தில் புதிய சர்வர்களைத் தொடங்குவதே பல மணி நேரம் தடைபட்டது. குபர்நெட்டீஸ் இருந்தாலும் எல்லாம் அதே வட்டாரத்துக்குள் இருந்தால் அதனால் என்ன செய்ய முடியும்? ஆகவே நம்பகமான நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு வேலை. அது விழும் நாளுக்குத் தயாராக இருப்பது வேறொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டோம் என்பது இரண்டாவதைச் செய்யாமல் விடக் காரணமாகாது.

இரண்டாவது மறுப்பு கனமானது: இதெல்லாம் சிக்கலான தொழில்நுட்பம், கூகுளுக்குத் தேவைப்பட்டது மாவட்ட அலுவலகத்துக்கு எதற்கு, இந்தச் சிக்கலே சேவையைக் கவிழ்க்கும். கவிழ்த்தும் இருக்கிறது. 2023 மார்ச் 14 அன்று ரெடிட் தளம் 314 நிமிடங்கள் முடங்கியது. காரணம், குபர்நெட்டீஸை ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மாற்றியபோது சர்வர்களை அடையாளப்படுத்தும் ஒரு பெயர் கைவிடப்பட்டதும், அந்தப் பெயரை நம்பியிருந்த வலையமைப்பு ஏற்பாடு யாருக்கும் நினைவில்லாமல் போனதும்தான். தேர்ந்த பொறியாளர்கள் நிறைந்த நிறுவனத்துக்கே இந்தக் கதி. அதனால் எல்லாத் துறைகளும் குபர்நெட்டீஸுக்கு மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. செயலியைப் பொதியாகக் கட்டுவதும் பொதிகளைப் பெருங்கூட்டமாக நிர்வகிப்பதும் இரண்டு தனித்தனிப் படிகள். முதற்படியை எந்தச் சிறு துறையும் எடுத்துவைக்கலாம். ஒரு நாளைக்குச் சில ஆயிரம் பேர் வரும் சேவைக்கு ஒரே சர்வரில் நான்கைந்து கன்டெய்னர்கள் போதும்; இடம்பெயரும் திறன் அப்போதே கிடைத்துவிடுகிறது. ரேஷன் விநியோகம், பத்திரப்பதிவு, தேர்வு முடிவு வெளியாகும் தளம் போன்ற பெருஞ்சுமைச் சேவைகளுக்கு மட்டும் இரண்டாம் படி தேவை. அவற்றையும் மாநிலத்துக்கு ஒரு தேர்ந்த குழு பொதுவாக நிர்வகிக்கலாம். துறைக்கு ஒரு குபர்நெட்டீஸ் என்று கிளம்பினால் ரெடிட்டின் அனுபவம் நமக்கும் நேரும்.

பாதுகாப்பைப் பற்றிய அச்சமும் நியாயமானதே. கெர்னலைப் பகிர்வதால் ஒரு கன்டெய்னரின் ஓட்டை வழியே மொத்தச் சர்வரையும் கைப்பற்றும் வழிகள் அவ்வப்போது கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்படுகின்றன. டெஸ்லா நிறுவனம் தன் குபர்நெட்டீஸ் கட்டுப்பாட்டுப் பக்கத்தைக் கடவுச்சொல் இல்லாமல் திறந்து வைத்திருந்ததையும், வெளியாட்கள் நுழைந்து அதில் கிரிப்டோ நாணயம் தோண்டியதையும் 2018இல் உலகம் அறிந்தது. பழைய முறையில் இந்த ஆபத்துகள் இல்லை என்று சொல்ல முடியுமானால் இது வலுவான மறுப்பாக இருந்திருக்கும். இலங்கையில் விழுந்தது கன்டெய்னர் இல்லை, பத்தாண்டு பழைய மென்பொருள். பொதியாக இருக்கும் செயலியில் எந்தெந்தத் துணை நிரல்கள், எந்தப் பதிப்பு என்று கருவிகளைக் கொண்டே பட்டியலிட முடியும். ஓட்டை உள்ளதை மாற்றிப் புதிய பொதியை அன்றே ஏற்ற முடியும். கவனிக்க ஆள் இருந்தால் பாதுகாப்பு கூடும், இல்லாவிட்டால் எந்த முறையும் தோற்கும்.

நம்மால் முடியுமா என்ற தயக்கத்துக்கு விடை இந்தியாவிலேயே இருக்கிறது. பெங்களூர் சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான மோசிப் என்ற திறந்த மூல அடையாள அட்டை மென்பொருளைப் பிலிப்பைன்ஸும் மொராக்கோவும் எடுத்துக்கொண்டன. இலங்கையும் தன் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்துக்கு இந்திய உதவியோடு அதைத் தேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு நாட்டின் சட்டமும் தரவு மையமும் வேறு. ஆனாலும் அது அங்கெல்லாம் நிறுவப்பட முடிவதற்கு ஒரு காரணம், கன்டெய்னர்களாகப் பிரித்து, குபர்நெட்டீஸில் இயங்கும்படி, எந்த ஒரு கிளவுடையும் சாராமல் அது கட்டப்பட்டிருப்பதுதான். பிற நாடுகளுக்கு இப்படிச் செய்து கொடுக்கத் தெரிந்த நாடு, தன் மாநிலங்களின் டெண்டர்களில் அதைக் கேட்காமல் இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் கிளவுட் விட்டுக் கிளவுட் மாறும் உரிமையைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் உள்ள அதன் தரவுச் சட்டப்படி, வாடிக்கையாளர் வேறு கிளவுடுக்கு மாற விரும்பினால் நிறுவனம் ஒத்துழைத்தாக வேண்டும். மாறுவதற்கான கட்டணம் 2027 ஜனவரி 12 முதல் அறவே கூடாது. இந்தியாவில் மேகராஜ் திட்டத்தின் கீழ் கிளவுட் நிறுவனங்களை மத்திய அரசு தணிக்கை செய்து பட்டியலிடுகிறது. ஒப்பந்தம் முடியும்போது செய்ய வேண்டியவை பற்றிய வழிகாட்டுதல்களும் இருக்கின்றன. ஒப்பந்த முடிவில் மாறுவது ஒன்று, நள்ளிரவில் தீப்பிடித்தால் மாறுவது வேறொன்று. இரண்டாவதற்கு வேண்டியவற்றை டெண்டரிலேயே எழுத வேண்டும். பொதிகளும் அமைப்புக் கோப்புகளும் அரசின் சொந்தக் கிடங்கில் இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தில் மட்டும் கிடைக்கும் தரவுத்தளங்களைத் தவிர்த்து, போஸ்ட்கிரெஸ் போன்ற திறந்த மூலத் தரவுத்தளங்களைக் கேட்க வேண்டும். தரவின் பிரதி வேறு ஊரில், வேறு கணக்கில் இருக்க வேண்டும். செலவு கூடும் என்பது உண்மை. எல்லாவற்றுக்கும் இது தேவையில்லை என்பதும் உண்மை. சுற்றுலாத் துறையின் படத்தொகுப்பு ஒரு வாரம் நின்றால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ரேஷன் கடையின் விற்பனை இயந்திரம் ஒரு வாரம் நின்றால் நிலைமை வேறு. எது எத்தனை மணி நேரத்தில் திரும்ப வேண்டும் என்று தரம் பிரிப்பதே அரசு முதலில் செய்ய வேண்டிய வேலை. அதற்குப் பெரிய செலவும் இல்லை.

அதன்பின் ஒத்திகை. கொரியாவின் 3 மணி நேரம் ஏட்டில் மட்டும் இருந்த எண், நடைமுறையில் அது 4 வாரத்தையும் தாண்டியது. ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவித்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், முதன்மை மையத்தை உண்மையாகவே அணைத்துவிட்டு மாற்று மையத்தில் சேவையை எழுப்பிப் பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஆனது, எந்தச் சேவை எழவில்லை என்பதை மக்களுக்கு வெளியிட வேண்டும். தமிழ்நாட்டில் பட்டா, சாதிச் சான்றிதழ், பத்திரப்பதிவு, ரேஷன் என்று ஒவ்வொன்றும் இணையத்தின் வழியே வருகிறது. இவை நின்றால் திரும்பிச் செல்லக் காகிதப் பதிவேடுகள் இப்போது பல இடங்களில் இல்லை. இந்த நான்கு சேவைகளுக்கு மட்டுமாவது முதல் ஒத்திகையை அடுத்த மழைக்காலத்துக்கு முன் நடத்தி, அதன் முடிவை மாநில அரசு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.